மாமாவுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

மாமாவின் சாவுக்கு வந்தவர்கள் இவர்கள்: கண்டாச்சிபுரத்திலிருந்து அவருடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒன்பது வருஷமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவர் பிடித்து வந்த லாரியில் நின்றுகொண்டே வந்த சொந்தக்காரர்கள். மேளக்காரர்கள் நாலு பேர். திண்டிவனம் மண்டியில் மாமாவோடு மல்லாட்டை மூட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை, தூக்கிய ஆட்கள் ஆறு பேர், தலையில் கட்டிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. மேல்சித்தாமூரிலிருந்து அத்தைக்குச் சின்னம்மா முறையாகிற ஒருத்தர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தை. கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார், செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இன்னொருவர் மாமா. அவர் அந்த நேரத்தில் விழுப்புரத்தில் ஒரு பழைய குடோன் வாசலில் உட்கார்ந்து, சினிமா கம்பெனியில் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நம் செட்டில் எல்லாருக்கும் முப்பது தாண்டிவிட்டது. ஒருத்தன் ஓசூரில் இருக்கிறான், ஒருத்தன் துபாயில், மிச்சப் பேர் சென்னையில் ஆளுக்கொரு மூலையில். போன வாரம் நம் குரூப்பில் யாரோ ஒரு பழைய படத்தின் துண்டைப் போட்டு, இது உங்க மாமாதானே என்று கேட்டிருந்தீர்கள். சுவரில் ஒரு போஸ்டர், அதன் ஓரத்தை ஒரு ஆடு கடித்து இழுக்கிறது, இரண்டு விநாடி. ஆமாம், என் மாமாதான். அதற்குக் கீழே ஆளாளுக்கு ஒரு கதை எழுதினீர்கள். பாதி தப்பு. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இந்தக் கதை கெட்டதும் அதனால்தான்.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். எங்களுக்கு அடுத்த வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு ஒரு வேளைச் சோறு அங்கேதான். மாமாவின் உடம்பை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசல்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். மண்டியில் ஒரு படத்துக்குச் சண்டை எடுக்க வந்தபோது, சென்னையிலிருந்து வந்த ஆள் ஒருத்தருக்குக் காய்ச்சல். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டையை இடுக்கிக்கொண்டு போன மாமாவைப் பார்த்து ஃபைட் மாஸ்டர் கூப்பிட்டிருக்கிறார். கீழே விழத் தெரியுமா என்று கேட்டாராம். தூக்கத்தான் தெரியும் என்று மாமா சொன்னாராம். அன்றைக்கு மட்டும் பதினாலு தடவை விழுந்தார். பிறகு பதினோரு வருஷம் விழுந்துகொண்டே இருந்தார்.

முப்பத்தெட்டு படம். கதாநாயகன் பழக்கடைக்குள் தூக்கிப் போட்டால் அதிலிருந்து எழுந்து வரும் முதல் ஆள் மாமா. ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு அரிவாளை ஆட்டும் ஆள் மாமா. கேபிளில் அவர் படம் போட்டால் நாம் எல்லாரும் அத்தை வீட்டில்தான் கிடப்போம். மாமாவை முதலில் கண்டுபிடித்துத் தொட்டவனுக்கு அவர் கையால் ஒரு ரூபாய். திரையைத் தொட்டுத் தொட்டு அந்த டிவி கண்ணாடி எப்போதும் பிசுபிசு என்றிருக்கும்.

வீட்டில் அவர் வேறு ஆள். பல்லி விழுந்தால் நாலு அடி தள்ளிப்போய் நிற்பார். கோழி அறுக்க அத்தைதான். குரல் அந்த உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். போனில் பேசினால் அம்மாகிட்ட குடுங்க என்பார்கள். வெளியூருக்குப் போய்விட்டு வந்தால் அவர்மேல் தைலமும் கோணிச்சாக்குப் புழுதியும் கலந்து ஒரு வாசம் வரும். முதுகில் நீலமாக இருக்கும். என்னய்யா இது என்று அத்தை தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டால், மண்டிக்குப் போனேன், மூட்டை உரசிச்சி என்பார். சினிமா வேலை இல்லாத நாளில் மண்டிக்குப் போவார் என்பதால் அத்தை நம்பினார். நம்பினார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒருதரம் பொய் பாட்டில் ஒன்று கொண்டுவந்தார். மெழுகு மாதிரி எதிலோ செய்தது, பார்க்க அசல் சோடா பாட்டில். என் தலையில் உடைத்துக் காட்டினார். தூளாகிக் கொட்டியது, வலிக்கவே இல்லை. அடுத்த நாள் நம்மில் ஒருத்தன் அசல் பாட்டிலை எடுத்து இன்னொருத்தன் தலையில் போட்டதும், அஞ்சு தையல் போட்டதும், தையல் போட்டவன் அழாமல் எழுந்து நின்று, மாமா மாதிரி விழுந்தேனா என்று கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். ஊரில் பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு பெரிய ரவுடிக்கு ரத்தம் பார்த்தால் ஆகாதாம்.

அவரை நிஜ ரவுடி என்றே பாதிப் பேர் நினைத்தார்கள். ஒரு படத்தில் கதாநாயகனின் தங்கை சேலையைப் பிடித்து இழுக்கிற வேலை அவருக்கு. ஒவ்வொரு தரம் எடுப்பதற்கு முன்னும், தங்கச்சி மன்னிச்சிக்கோ, தங்கச்சி மன்னிச்சிக்கோ என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். படத்தில் அதெல்லாம் வராதே. அதற்குப் பிறகு பஸ்ஸில் பெண்கள் பக்கம் மாமா உட்காருவதில்லை. பின்னால் போய் நின்றுகொள்வார். கண்டாச்சிபுரம் சந்தையில் பெரிய மாமாவை எவனோ கேட்டிருக்கிறான், உன் தம்பி பொம்பள சேலைய உருவறவனாமே என்று. பெரிய மாமா நேராக வந்தார், வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்தத் தொழிலை விட்டால் அண்ணன், விடாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

நான் சொல்ல வந்த கோடைக்கு முந்தின கார்த்திகையில் மாமாவுக்குத் தோள்பட்டை கழன்றது. மாடியிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் விழ வேண்டியவர், அட்டைப்பெட்டி இல்லாத பக்கம் விழுந்துவிட்டார். கை தலைக்கு மேலே போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழவும் முடியாது, மூட்டையும் தூக்க முடியாது. ஃபைட் மாஸ்டர் நல்ல மனிதர். ஒரு டைரக்டரிடம் சொல்லி, மண்டி முதலாளியின் வலது கையாக ஒரு வேஷம் வாங்கிக் கொடுத்தார். முதல்முறையாகக் கதையில் மாமாவுக்கு ஒரு பெயர். முதல்முறையாக மூன்று வரி வசனம். மூன்று வரியும் படத்தில் நின்றால் பேசுகிற வேஷமாக வாங்கித் தருகிறேன், உடம்பை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிற்காவிட்டால் என்னால் ஆனது இவ்வளவுதான் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அந்த மூன்று வரியைக் காலனியில் தெரியாதவர்கள் கிடையாது. கிணற்றுப் போர் செட்டு மோட்டார் ஓடும்போது அதன் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அங்கே போய் நின்று கத்திப் பழகினார். மிளகு போட்ட வெந்நீர் குடித்தார்.

“இந்த மண்டியில மூட்டைக்கு ஒரு வெல. ஆளுக்கு ஒரு வெல. உனக்கு இன்னும் வெல போடல.”

கடைசி வரியில் குரல் மேலே ஏறிக் கீச்சென்று போகும். கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருக்கும் அத்தை திரும்பாமலேயே, தக்காளி விக்கறவன் மாதிரி கீது, இன்னொருக்கா சொல்லு என்பார்.

வைகாசியில் கம்பெனி வந்து இறங்கியது. முதல் இரண்டு நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வேலை. பிறகு விழுப்புரம் குடோனில். கதைப்படி மாமா செத்துப்போகிறார் (அபசகுனம் என்று வீட்டில் அதைச் சொல்லவில்லை), ஊர் முழுக்க அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறார்கள், அதிலிருந்து கலவரம். போஸ்டருக்கு நல்ல போட்டோ ஒன்று கேட்டார்களாம். நன்றாக விழுந்த போட்டோ என்று மாமாவுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணப் போட்டோ. அத்தைக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அத்தையை வெட்டிவிட்டு மாமாவை மட்டும் அச்சடித்தார்கள். பஸ் ஸ்டாண்டு வேலை முடிந்ததும் கம்பெனி விழுப்புரம் போய்விட்டது, மாமாவும் நாலு நாளைக்கு லாட்ஜில் தங்கப் போய்விட்டார். போஸ்டரைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் பீடிக்கட்டு வாங்க நான் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டு சுவரில் வரிசையாக மாமா. சுற்றிக் கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் அழுகிற கண். கல்யாண மாப்பிள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது நம்ம தெரு பெரியவரோட தம்பி இல்ல, சினிமாவுல அடி வாங்குமே என்று ஒருத்தர் கேட்க, மற்றவர் என்னைக் கூப்பிட்டு, தம்பி, நீ இஸ்கோலுக்குப் போற புள்ளதான, இன்னா போட்டுகீதுன்னு படி என்றார்.

படித்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிப்பேனே, அப்படி. கண்ணீர் அஞ்சலி. மண்டியின் சிங்கம். மீளாத் துயில். கீழே ஏதோ பெயர் இருந்தது, மாமாவின் பெயர் இல்லை. சினிமாவுக்கு வைத்த பெயராக இருக்கும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மறைந்த தேதியையும் பார்த்தேன். அது வருகிற மாதத்துத் தேதி. ஐந்தாம் வகுப்பு முடித்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனால் அச்சில் போட்டிருப்பது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் காகிதம் என்றால் ரேஷன் கார்டும் பட்டாவும்தான். அதில் இருப்பதை யாரும் கேள்வி கேட்டதில்லை. தேதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் படித்தேன். அந்தப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டாச்சிபுரம் போக விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். நான் பீடிக்கட்டு வாங்காமல் நடந்தே ஊருக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று ஒரு பயம்.

மதியத்துக்கு மேல் லாரி வந்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரம் வழியாகத்தான் வர வேண்டும். மாமா இருந்த குடோன் தெருவைத் தாண்டித்தான் மேளத்தோடு வந்திருக்கிறார்கள். ஒரு சாவு லாரி போனதைப் பார்த்து எழுந்து நின்றதாகப் பின்னால் மாமாவே சொன்னார்.

பெரிய மாமா இறங்கியதும் வீட்டுக்குள் ஓடினார். பிணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். படப்பிடிப்பில் போனை அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரிய மாமா வாசல்மண்ணில் உட்கார்ந்து, பேசாமப் போனேனேடா, ஒன்பது வருஷம் தண்ணி குடிக்காமப் போனேனேடா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை காட்டிலிருந்து வந்தார். முழங்கை வரை செம்மண். கூட்டத்தைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், கொழுந்தன் முறை ஆட்கள் கையிலிருந்த கோடித்துணியைப் பார்த்தார். அழவில்லை. நேற்றுக் கூழ் குடித்துவிட்டுப் போனவர் என்றார். யார் சொன்னது, யார் பார்த்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். போஸ்டர் ஒட்டியிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் ஒரு இஸ்கோல் பையன் படித்துச் சொன்னானாம் என்றதும், காலையில் திண்டிவனம் போய்வந்த என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சியா?”

“படிச்சேன் அத்த.”

“செத்துட்டாருன்னு போட்டுகீதா?”

“போட்டுகீது.”

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் சொல்லியும் நம்பாதவர், நான் படித்தேன் என்றதும் நம்பிவிட்டார். அந்த வாசலில் என் படிப்புக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

“ஆனா தேதி அடுத்த மாசம் போட்டுகீது அத்த.”

மேளக்காரர் ஒருத்தர் குச்சியைக் கீழே வைத்தார். பெரிய மாமா தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார், பிறகு எல்லாரையும் பார்த்தார்.

“அடுத்த மாசம் சாவப்போறவருக்கு இன்னைக்கே எதுக்குய்யா மேளம்?”

அவ்வளவுதான், எல்லாரும் அதே லாரியில் ஏறினோம். மாலை, கோடி, மேளம் எதையும் இறக்கவில்லை. மேளக்காரர்கள் இறங்கிவிடலாமா என்று கேட்டார்கள். எதுக்கும் வாங்க என்று பெரிய மாமா சொன்னார். அத்தை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜல்தி போய்யா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

குடோனில் அந்த நேரத்துக்குத்தான் மாமாவின் மூன்று வரியை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது: இரண்டு தரம் கீச்சென்று போய், மூன்றாம் தரம் குரல் சரியாக வந்துகொண்டிருந்தது. லாரி போய் நின்றது. யார் தடுத்தும் பெரிய மாமா நிற்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு வெல, என்று மாமா சொல்லும்போது பெரிய மாமா விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தம்பி, தம்பி என்று மட்டும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து அந்த ஒரு சொல். மண்டி முதலாளியின் வலது கை, இடுப்பில் அரிவாளோடு தேம்பித் தேம்பி அழுதது.

டைரக்டருக்குக் கோபம். வெளிச்சம் போகிறது, பிலிம் போகிறது, இந்த வசனம் இல்லாமலேயே என் படம் ஓடும் என்று சொல்லிவிட்டார். மாமா அண்ணனைக் கட்டிப் பிடித்தபடியே வெளுத்துப்போனார். அவரைக் காப்பாற்றியது ஒரு அசிஸ்டெண்ட். இவங்க எல்லாம் நிஜ சாவுக்கு வந்தவங்க சார், மாலை மேளத்தோட கீறாங்க, சாவு சீனை இப்பவே எடுத்துடலாம் என்று காதைக் கடித்தார். டைரக்டர் யோசித்தார். இவர்கள் அழுதால் நாளைக் காலையில் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆனால் யாருக்கும் அழுகை வரவில்லை. உயிரோடு முழுசாக நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டு எப்படி அழுவது? மேல்சித்தாமூர் சின்னம்மா மாரில் அடிக்கக் கையை ஓங்குவார், மாமாவைப் பார்ப்பார், சிரிப்பு வந்துவிடும். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும். மண்டி ஆட்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். இது வேலைக்கு ஆகாது, பேஜாரு என்று டைரக்டர் எழுந்தார்.

மாமா அத்தையிடம் வந்தார். கல்யாணப் போட்டோவை வெட்டக் கொடுத்த விஷயம் அதற்குள் வெளியே வந்திருந்தது. மாமா ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரே ஒருக்கா எனக்காவ அழுவியா, என் வசனம் போயிடும் என்றார். தாலியைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலை கட்ட வேண்டும் என்று அசிஸ்டெண்ட் குறுக்கே சொன்னார்.

“தாலியெல்லாம் கழட்ட மாட்டேன். இப்பதான் சேதி வந்திச்சின்னு வெச்சிக்கோங்க, அழுவறேன். ஆனா இந்த ஆளு இங்க நிக்கக் கூடாது. தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்புங்க.”

மாமா தெருவுக்கு அந்தப் பக்கம் போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தை காட்டுச் செம்மண் கையோடு தரையில் உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார். நான் மூட்டைக்குப் பின்னால் நின்று கேட்டேன். முதுகு நீலமா கெடந்துச்சே, மூட்டை உரசிச்சின்னு பொய் சொன்னியே, மல்லாட்டை மூட்டை எங்கன்னா பூட்ஸ் கால் மாதிரி தழும்பு வெக்குமாய்யா என்று கேட்டார். உன்ன எட்டி ஒதைக்கறப்பல்லாம் ஜனம் கை தட்டுச்சே, நான் அடுப்புக்குள்ள மூஞ்ச வெச்சிக்கினு கெடந்தேனே என்றார். பதினோரு வருஷத்துக் காயத்தையும் எந்தப் படம், எந்த இடம் என்று வரிசையாகச் சொல்லி அழுதார். அவர் ஒரு படமும் முழுசாகப் பார்த்ததில்லை என்று நான் நினைத்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். விளக்குப் பிடித்திருந்தவர் முகத்தைத் துடைத்தார்.

அத்தைக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார்கள். அழுததுக்குக் கூலியா என்று வாங்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா மூன்று வரியையும் ஒரே தரத்தில் சொன்னாராம். கடைசி வரியில் குரல் ஏறவே இல்லை என்று ஃபைட் மாஸ்டரே சொன்னார். தீபாவளி போய்ப் பொங்கல் வரும்வரை மாமா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் வந்ததும் சாவுக்கு வந்த அத்தனை பேரையும் மாமா விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார். முப்பத்தொரு பேர். மூன்று வரிசையைப் பிடித்து உட்கார்ந்தோம். மண்டி வந்தது. கதாநாயகன் வந்தார். மாமா மீசையை முறுக்கினார். அடுத்த காட்சியில் செத்துப்போயிருந்தார். சுவரில் போஸ்டர், ஆடு, அத்தை அழுதார், படம் எங்கோ போய்விட்டது. வசனம் இல்லை. நாங்கள் யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை.

இடைவேளையில் மாமா எழுந்து நின்று, ஆபரேட்டர் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு ரீலை வெட்டிட்டிருப்பான், அடுத்த ஆட்டத்துல முழுசா ஓட்டுவான் என்றார். அப்படி வெட்டுவதும் உண்டுதான். முப்பத்தொரு பேருக்கும் பெரிய மாமா காசில் மறுபடி டிக்கெட் எடுத்தார். அதிலும் இல்லை. விழுப்பொரத்தான் இப்பிடித்தான், நம்ம திண்டிவனத்துல பாரு என்றார். மறுநாள் திண்டிவனத்துக்குப் போனோம். போக வேண்டாம் என்று சொல்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. கண்டாச்சிபுரத்திலிருந்து பெரிய மாமா மூன்று பஸ் மாறி வந்தார்.

அங்கேயும் மாமா மீசையை முறுக்கினார், செத்துப்போனார். அப்புறம்தான், முந்தின இரண்டு ஆட்டத்திலும் தன் வசனம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்த மனிதர், முதல்முறையாகத் திரையில் அத்தையைப் பார்த்தார். முழு முகம், திரை நிறைய. கன்னத்தில் செம்மண்ணைக் கண்ணீர் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. என்ன சொல்லி அழுகிறார் என்று கேட்கவில்லை. மேலே வயலின் போட்டிருந்தார்கள். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாமா என் தலைக்கு மேலாகக் குனிந்தார்.

“எனக்காவா இப்பிடி அழுத?”

“பின்ன, டைரக்டருக்காவா?”

கொஞ்ச நேரம் கழித்து மாமா மறுபடி கேட்டார்.

“இன்னா சொன்ன அங்க?”

“அதான் மியூசிக்கப் போட்டு மூடிட்டாங்கல்ல. உட்டுடு.”

மாமா விடவில்லை. அத்தையின் கையைப் பிடித்து என் மடிமேல் வைத்துக்கொண்டு படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே ஃபைட் மாஸ்டருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். மண்டியில் எடை போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். போனால் உங்களுக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்.

அன்று கொட்டகைக்கு வெளியே டீக்கடையில் பெரிய மாமா தன் கையிலிருந்து போனதற்கெல்லாம் கணக்குப் போட்டார். பென்சில் என் சட்டைப்பையில் இருந்தது, எழுதியது நான். லாரிக்கு ஆயிரத்து எண்ணூறு. மேளத்துக்கு ஐந்நூறு. மாலையும் கோடித்துணியும் ஆயிரத்து நூற்றைம்பது. முப்பத்தொரு பேருக்கு இருபது ரூபாய் டிக்கெட், மூன்று ஆட்டம், ஆயிரத்து எண்ணூற்று அறுபது. ஆக ஐயாயிரத்து முந்நூற்றுப் பத்து. நெசமாவே செத்திருந்தாலும் இவ்ளோ ஆயிருக்காதுடா தம்பி என்றார். மாமா சிரித்துக்கொண்டே மேல்பாக்கெட்டிலிருந்து, அப்போதுதான் கைக்கு வந்திருந்த அந்தப் படத்தின் சம்பளத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார், முழுசாக ஐயாயிரம். அது போக, மாமா சினிமாவில் பேசாமல் போனதற்கு எங்களுக்குக் கடைசியாக ஆன செலவு முந்நூற்றுப் பத்து ரூபாய்.